கண்ணீர் இறங்கும் வழியில் ஒரு கட்டி

எங்க வெம்பக்கோட்டைப் பக்கம் கண்ணில் நீர் வடிந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பயர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் என்றால் ‘மருந்துத் தூசி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பெரியம்மாவுக்கும் அதையேதான் சொன்னோம். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில் அடைப்பு என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து மூக்கோரம் வீங்கியது, கண்ணீரில் ரத்தம் வந்தது. கண்ணீர்ப் பையில் புற்றுநோய். அப்போது நான் தேடிப் படித்ததன் சுருக்கம் இது. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள்.

இமைகளின் மூக்கோர முனையில் சின்னத் துளைகள் உண்டு. அதன் வழியாகக் கண்ணீர் ஒரு பைக்குள் இறங்கி, எலும்புக்குள் ஓடும் குழாய் வழியே மூக்குக்குப் போகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். இந்தப் பையில் சீழ் பிடிப்பது ரொம்பப் பழைய நோய். கண்ணின் சந்தியில் வரும் சீழ் வீக்கத்தை ‘பூயாலசம்’ என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது.

1713-இல் பிரெஞ்சு சர்ஜன் டொமினிக் அனெல் மெல்லிய குழலால் இந்த வழியைக் கழுவிப் பார்த்தார். 19-ஆம் நூற்றாண்டில் பையையே வெட்டி எடுப்பது வழக்கமானது. சீழ் நின்றது, நீர் வடிவது நிற்கவில்லை. 1904-இல் பிளாரன்ஸ் நகரத்து அடியோ டோட்டி வேறு மாதிரி யோசித்தார்: பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பில் ஒரு ஜன்னல் திறந்தார். இன்று டிசிஆர் என்று செய்யப்படும் ஆபரேஷன் அதிலிருந்து வந்ததுதான்.

சாதாரண அடைப்புக்கு அது வரம். ஆனால் பைக்குள் இருப்பது புற்றுநோய் என்றால், அது மூக்குக்குள் பரவ நாமே ஜன்னல் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். இந்த நோய் அபூர்வம். ஆரம்பத்தில் அடைப்பு மாதிரியேதான் இருக்கும். மூன்று விஷயம் சந்தேகப்படவைக்க வேண்டும்: ரத்தக் கண்ணீர், கண்முனைத் தசைநாருக்கு மேலே ஏறும் கெட்டியான வீக்கம், கழுவும்போது தண்ணீர் தொண்டைக்கு இறங்கியும் வீக்கம் குறையாதது.

நம்ம பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. கம்மாய், ஊருணித் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு வரும் ரைனோஸ்போரிடியம் என்ற நோய்க்கிருமி இதே பையில் சதை வளரவைத்து ரத்தம் கசியவைக்கும். அது புற்றுநோய் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்வது பயாப்ஸிதான்.

புற்றுநோய் என்று உறுதியானால் சிகிச்சை டோட்டிக்கு முந்தைய காலத்துக்கே திரும்புகிறது, ஆனால் இன்னும் விரிவாக. பையோடு குழாயையும், அதைச் சுற்றிய எலும்பையும் மூக்கு வரை எடுக்கிறார்கள். கண்குழிக்குள் பரவியிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். லிம்போமா வகை மட்டும் பெரிய ஆபரேஷன் இல்லாமல் மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்கும்.

கதிர்வீச்சு என்றதும் அடையாறு நினைவுக்கு வரும். தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் அந்தப் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. இங்கே ஒரு சிரமம்: கண்ணுக்குப் பக்கத்திலேயே கதிரைப் பாய்ச்ச வேண்டும், பார்வையும் போகக் கூடாது. கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வளைக்கும் இப்போதைய கருவிகள் அதை ஓரளவு சாத்தியமாக்கியிருக்கின்றன. 2019-இல் சென்னைக்குப் புரோட்டான் சிகிச்சையும் வந்துவிட்டது.

பெரியம்மாவின் முதல் ஆபரேஷனில் பையின் சுவரிலிருந்து ஒரு துணுக்கைக்கூடப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. கேட்கணும் என்று எங்களுக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது டிசிஆர் என்றால், குறிப்பாக ரத்தமோ கட்டியோ இருந்தால், “ஸ்கேன் வேணுமா, பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?” என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

பெரியம்மா நன்றாக இருக்கிறார், பார்வையும் இருக்கிறது. கண்ணீர் இறங்க வழி இல்லாததால் கன்னத்தில் வடிந்துகொண்டே இருக்கும். யாராவது பார்த்து “ஏன் மதினி அழுகிறீக?” என்று கேட்டால், முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.