உழுவதா, வெட்டுவதா: மாந்தோப்பில் மினி டிராக்டரின் இரண்டு கருவிகள்
கிருஷ்ணகிரிப் பக்கம் மினி டிராக்டர் வாங்கும் மா விவசாயி, வண்டியோடு சேர்த்து மண்ணைக் கிளறும் ஒரு ரோட்டாவேட்டரையும் எடுத்துவிடுகிறார். பக்கத்துத் தோட்டத்தில் ஓடுவது அதுதான், கடைக்காரர் முதலில் காட்டுவதும் அதைத்தான். எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் அதே பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் மாட்டி ஓட்டக்கூடிய புல்வெட்டும் கருவியான ஸ்லாஷர் இந்தப் பேச்சில் வருவதே அரிது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாந்தோப்புக்காரர் சொந்தமாக வாங்க வேண்டியது ஸ்லாஷர்தான் என்றும், ரோட்டாவேட்டர் ஆண்டுக்கு ஒருமுறை வாடகைக்கு வந்தால் போதும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

மினி டிராக்டர் இந்த ஊருக்கு அயல் சரக்கு அல்ல. 1967-இல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டு வைத்துப் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் தன் சிறு டிராக்டர்களை ஓசூரில்தான் செய்கிறது. அதன் எம்.டி. 180டி மூன்று சிலிண்டர், 18.5 ஹெச்.பி. வண்டி. பெரிய டிராக்டர் நுழையாத கிளைகளுக்கு அடியிலும் இது புகுந்து போகும். இது இங்கே தேவைப்படுவதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் தொடங்கி பர்கூர், குருபரப்பள்ளி, கெலமங்கலம் வரை ஆலைகள் பரவிவிட்டன. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஊருக்குள் வந்து இளைஞர்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த வேலை அவர்களுக்கு மாதச் சம்பளமும் மரியாதையும் தருவதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புரட்டாசியில் இடுப்பளவு வளர்ந்த புல்லை அரிவாளால் அறுக்கத் தோப்புக்கு ஆள் வருவதில்லை. அந்த வேலையை ஏதோ ஓர் இயந்திரம் செய்தாக வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே அளவு டிராக்டரை வாங்குகிறவர்கள் கோடைக்குப் புல்வெட்டியும் குளிருக்குப் பனி அள்ளும் கருவியும் என்று இரண்டு பருவத்துக்கு இரண்டு கருவி தேர்கிறார்கள். நமக்கும் இரண்டு பருவம் உண்டு. ஆடி முதல் ஐப்பசி வரை பச்சைப் புல், தை முதல் சித்திரை வரை காய்ந்த புல். இந்த இரண்டுக்கும் ஒரே பதிலாக மண்ணைக் கிளறுவது என்ற பழக்கம்தான் இங்கே வேரூன்றியிருக்கிறது.

கருவிகள் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். ரோட்டாவேட்டரில் படுக்கைவாட்டில் ஒரு ரோட்டார். அதில் எல் வடிவக் கத்திகள் வரிசையாக முடுக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றில், மணிக்கு 17 கிலோமீட்டர் அளவு வேகத்தில் கத்திமுனை மண்ணுக்குள் இறங்கும். வேகம் குறைவு, ஆனால் சுமை கடுமை. ஓர் ஏக்கரில் 10 செ.மீ. ஆழத்துக்குக் கிளறினால் ஏறக்குறைய 570 டன் மண் புரளுகிறது. 18 குதிரைச் சக்தி வண்டி இதை ஒரு மீட்டர் அகலத்துக்கு மேல் இழுக்கத் திணறும்.

ஸ்லாஷர் இதற்கு நேர்மாறு. இரும்புத் தகட்டு மூடியின் கீழே, நிலத்துக்கு இணையாக இரண்டு கத்திகள் சுற்றும். பி.டி.ஓ.வின் 540 சுற்றைக் கியர்பாக்ஸ் ஏற்றிக் கொடுக்க, நாலடி வெட்டகலக் கருவியில் கத்தி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று வைத்தால், முனை மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மண்ணைத் தொடுவதில்லை. கல்லோ கட்டையோ தட்டினால் கத்தி கீலில் மடங்கிப் பின்வாங்கிக்கொள்ளும். நல்ல கருவியில் கத்தி பொருத்திய தட்டே கிண்ணம் போலக் குவிந்திருக்கும், அடிமரக் கட்டையின் மேல் வழுக்கி ஏற.

நேரக் கணக்கு இதிலிருந்தே வருகிறது. ஸ்லாஷர் 1.2 மீட்டர் அகலத்தில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் போனால், திருப்பங்களில் வீணாகும் நேரத்தைக் கழித்து, ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ரோட்டாவேட்டர் ஒரு மீட்டர் அகலத்தில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரத்தை நெருங்கும். ஒரு மணிக்கு ஒரே அளவு டீசல் என்று வைத்தாலும் ஏக்கர் செலவு பாதிதான். உண்மையில் ரோட்டாவேட்டரில் எஞ்சின் கூடுதல் சுமையில் உழைப்பதால் இடைவெளி இன்னும் பெரிது. தேய்மானமும் அப்படியே. இங்குள்ள செம்மண்ணில் கலந்திருக்கும் சரளைக்கல் எல் கத்தியை அரித்துத் தின்றுவிடும், மாற்ற வேண்டியது இருபதுக்கு மேல். ஸ்லாஷரில் இரண்டே கத்தி. அதையும் எந்த லேத் பட்டறையிலும் தீட்டிக்கொள்ளலாம், அதற்கு ஓசூர் சாலையில் பஞ்சமே இல்லை.

ஆனால் என்னை ஸ்லாஷர் பக்கம் திருப்பியது டீசல் கணக்கு அல்ல, களைதான். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு, அருகம்புல்லுக்கு ஓடும் தண்டு. ரோட்டாவேட்டர் இவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, பொடிந்த மண்ணில் பரப்பிவிடுகிறது. ஒவ்வொரு துண்டும் அடுத்த மழையில் தனிச் செடி. தோப்பு அன்றைக்கு வழித்துவிட்டது போல இருக்கும், மூன்று வாரத்தில் பழையபடி பச்சை. கிளறிவிட்ட வெற்று மண்ணில் முதலில் முளைப்பது பார்த்தீனியம். முளைத்து ஒரு மாதத்தையொட்டிப் பூத்துவிடும் அந்தச் செடி, தொட்டால் தோல் அரிப்பு, பூந்தூள் பட்டால் மூச்சுத் தொல்லை. ஸ்லாஷர் இதை வேரோடு ஒழிக்காது. அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் பூப்பதற்கு முன் வெட்டிக்கொண்டே வந்தால் விதை விழாது, படர்ந்த புல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வேர். மாவின் ஆணிவேர் ஆழத்தில் இருந்தாலும், உரத்தையும் ஈரத்தையும் உறிஞ்சும் நார்வேர்கள் மேல்மண்ணில்தான் அடர்ந்திருக்கின்றன. கிளைக்குடைக்கு அடியில் ரோட்டாவேட்டரை விடுகிறவர், போட்ட தொழுவுரத்தை எடுக்க வேண்டிய வேரையே அறுக்கிறார். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ஓட்டும்போது கத்தி எட்டும் மட்டத்துக்குக் கீழே மண் இறுகித் தகடாகிவிடுகிறது, மேலே பொடி, கீழே பாறை மாதிரி. சந்தூர், போச்சம்பள்ளி பக்கத்துச் சரிவு நிலங்களில் இந்தப் பொடியின் மேல் புரட்டாசி மழை விழும்போது ஓடையில் போகும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் போதும். வெட்டிய புல் மூடிய நிலத்தில் அந்தத் தண்ணீர் நின்று இறங்குகிறது.

எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. இங்குள்ள தோப்புகளில் பெரும்பகுதி மானாவாரி. புல் உயிரோடு இருக்கும்வரை மரத்தின் ஈரத்தில் பங்கு கேட்கும், வெட்டினாலும் கேட்கும். உழுதுவிட்டால் அந்தப் பங்காளி இல்லை, மேல்மண் உதிர்ந்து மூடுவதால் அடியீரமும் தங்கும் என்று பெரியவர்கள் சொல்வது அனுபவத்தில் வந்தது. இதற்காகத்தான் ரோட்டாவேட்டரை முழுவதும் கைவிடச் சொல்லவில்லை. கார்த்திகையில் வடகிழக்கு மழை ஓய்ந்தபின், பூவெடுப்பதற்கு முன், இரண்டு வரிசைக்கு நடுவில் கிளைக்குடை எட்டாத பட்டையில் மட்டும் மேலாக ஒருமுறை ஓட்டலாம். சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். அதே பட்டை மாசி, பங்குனியில் தீத்தடுப்பாகவும் நிற்கும். காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் இருபது வருட மரம் கருகிப்போகும் ஊர் இது. அந்த ஓர் ஓட்டத்துக்கு ரோட்டாவேட்டர்கூட வேண்டாம், ஐந்து கொழு கல்டிவேட்டரே போதும் என்பேன்.

கோடை உழவு கோடி நன்மை என்ற பழமொழியை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. வயலுக்கு அது பொருந்தும். மாந்தோப்பில் கோடை என்பது காய் தொங்கும் காலம். அறுவடை ஆனிவரை நீள்கிறது, உழவுக்கு அங்கே இடமில்லை. பழ ஈயின் கூட்டுப்புழு மண்ணில் இருப்பதால் அறுவடை முடிந்ததும் உழச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புழு விழுந்த பழத்தை விட்டு வெளியேறி, மேல்மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூடு கட்டுகிறது. கிளறினால் வெயிலும் பறவையும் அதைத் தீர்க்கும். ஆனால் ஆடியில் தோப்பு முழுவதையும் கிளறிவிட்டு ஆவணி, புரட்டாசி மழைக்கு மண்ணைக் கொடுப்பதைவிட, உதிர்ந்த பழத்தை நாள்தோறும் பொறுக்கிப் புதைத்து, மெத்தில் யூஜினால் பொறி வைத்து, மரத்தடியை மட்டும் கையால் கொத்திவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்லாஷரின் பெரிய குறையை மறைக்கக் கூடாது. அது கல் எறியும். கிருஷ்ணகிரி கருங்கல் பூமி. எந்தத் தோப்பிலும் உடைகல் கிடக்கும், 225 கிலோமீட்டர் வேகக் கத்தி அதை அடித்தால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் சங்கிலித் திரை தொங்காத ஸ்லாஷரை வாங்கவே வேண்டாம். ஓடும்போது நூறு மீட்டருக்குள் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் உட்பட யாரும் நிற்கக் கூடாது. முதல் ஆண்டு ஒருமுறை கல் பொறுக்கும் செலவையும் கருவியின் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கல் மிக அதிகமென்றால் மல்ச்சர் என்கிற சுத்தியல் கத்திக் கருவி பாதுகாப்பானது. ஆனால் அதே அகலத்துக்குக் கூடுதல் சக்தி கேட்கும், விலையும் கூடுதல், சின்ன வண்டிக்கு அகலம் சுருங்கிவிடும்.

இன்னொரு சாதகம், கணக்கில் வராதது. கண்ணாடிவிரியன் உள்ள தோப்பில் இடுப்புயரப் புல்லுக்குள் காய் பறிக்க இறங்குகிறவர்கள் கூலிக்காரப் பெண்கள். முன்கூட்டி வெட்டிய தோப்பில் அவர்கள் காலடியைப் பார்த்து நடக்க முடிகிறது.

இந்த முடிவு மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது. இராயக்கோட்டைத் தக்காளிக்காரர் ஒவ்வொரு பயிருக்கும் பாத்தி போட வேண்டும், அவருக்கு ரோட்டாவேட்டர் சோறு போடும் கருவி. தளி, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர் பாத்தி அமைக்கும்போது ஒருமுறை ஓட்டுகிறார், பிறகு பல ஆண்டுகளுக்குத் தேவையில்லை. அவர் வாடகைக்கு எடுத்தால் போதும். காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் என்று பெங்களூரா மா நிறைந்த நிலம்தான் ஸ்லாஷருக்குரியது. அங்கேயும் கன்று நட்ட முதல் சில ஆண்டுகள் ஊடுபயிராகக் கேழ்வரகோ கொள்ளோ நிலக்கடலையோ போடுகிறவருக்கு உழவுக் கருவி வேண்டியிருக்கும்.

சொந்தமா வாடகையா என்பதில் நான் பார்ப்பது பருவத்தின் நெருக்கடி. கார்த்திகை உழவு பத்து நாள் தள்ளிப்போனாலும் பெரிய நஷ்டமில்லை, ஊரில் ரோட்டாவேட்டரும் நிறைய. புல் வெட்டு அப்படியல்ல. அறுவடை முடிந்ததும் ஒன்று, புரட்டாசியில் பார்த்தீனியம் பூக்கும் முன் ஒன்று, மழை ஓய்ந்தபின் ஒன்று. ஒரு வாரம் தப்பினால் விதை விழுந்துவிடும், வாடகை ஸ்லாஷரோ தேடினாலும் கிடைக்காது. காத்திருக்க முடியாத வேலைக்கான கருவி வீட்டில் இருக்க வேண்டும். 2025 கோடையில் பெங்களூரா கிலோ ஒற்றை இலக்க விலைக்கு விழுந்து, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டமும் வெளிமாநிலக் காய்க்குக் கதவைச் சாத்திய பிறகு, இரண்டு கருவியையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 50 சதவீதம்வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம்வரை மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன், தேர்ந்த மாடல் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது முதலில் மர இடைவெளியை அளக்க வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டரில் ஹெக்டேருக்கு 100 மரம் நிற்கும் பழைய தோப்பில் நாலடி ஸ்லாஷர் தாராளமாகத் திரும்பும். பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலம் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை ரகமான பையூர் 1 போன்றவற்றை ஐந்துக்கு ஐந்தில் 400 மரமாக நட்டவர், வண்டியின் அகலத்தைவிடக் கருவி இருபுறமும் சற்றே நீட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீட்டியிருந்தால்தான் டயர் மிதித்த புல்லும் வெட்டுப்படும். வெட்டுயரம் நாலு விரலுக்குக் கீழே வைக்கவே கூடாது. கருவியைத் தூக்கும்போது முன்சக்கரம் எழும்புகிறதா என்று சரிவில் சோதித்து, எழும்பினால் முன்பக்கம் எடை மாட்ட வேண்டும். கியர்பாக்ஸில் நைன்ட்டி ஆயில் கசிகிறதா, கல் தட்டினால் கியரைக் காக்கும் ஷியர் போல்ட்டோ கிளட்சோ இருக்கிறதா, பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை முழுவதாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே குனிந்து பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 540 முறை சுற்றும் ஷாஃப்ட்டில் லுங்கியின் நுனி சிக்கினால் எஞ்சினை நிறுத்த யாருக்கும் நேரம் இருக்காது. உறை இல்லாமல் கருவியை எடுத்துப்போகச் சொன்னால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.