ஒக்கிப் புயலும் பங்குக் கோயில் பதிவேடும்



நம் காலாண்டிதழில் ஒவ்வொரு முறையும் ஏதாவது பழைய வரலாறு எழுதுவது என் வழக்கம். இந்த முறை செயலாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்து, குடியிருப்போர் விவரம் கேட்டிருந்தோம். பாதிப் படிவங்கள் இன்னும் திரும்பவில்லை. "எல்லாரும் தெரிஞ்சவங்கதானே, எதுக்கு சார் இதெல்லாம்?" என்று சிலர் கேட்டார்களாம். "நீங்கதான் பேங்க்ல லெட்ஜர் எழுதினவர், எடுத்துச் சொல்லுங்க" என்றார். நேராகச் சொல்வதைவிட, ஒரு புயலின் கதையாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

கவுன்டரில் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையோரத்தில் ஒரு கிளையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆனைக்குட்டத்தில் கரிசல் காட்டைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கடற்கரை ஊர் அதுதான் முதல் முறை. ஒருநாள் ஒரு அம்மா பாஸ்புக்கோடு வந்தார். கணக்கு கணவர் பெயரில் இருந்தது. நாமினி அந்த அம்மாதான். தொகையும் பெரிதில்லை.

"இறப்புச் சான்று வேணும்மா" என்றேன்.

"கடலுக்குப் போனவரு திரும்பல சார். அதுக்கு யாருகிட்ட சார் சர்ட்டிபிகேட் வாங்குறது?" என்றார்.

விதிப்படி நான் சொன்னது சரிதான். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்த அம்மா பாஸ்புக்கை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த ஏழு ஆண்டும் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. 2017 டிசம்பரில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவர் முகம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

திரும்பாத படகுகள்

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தெற்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் புயலாக வலுத்தது. வங்கதேசம் கொடுத்திருந்த பெயர் ஒக்கி. வங்காள மொழியில் 'கண்' என்று பொருள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆனால் பெரிய இழப்பு கரையில் அல்ல, கடலில்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டும் ஒட்டி ஒட்டி இருக்கும் மீனவ ஊர்கள். இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா, சூரை பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். ஒரு முறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். கரையோடு பேசும் தூரத்தைத் தாண்டிப் போனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லை. முந்தின நாள் சிறு வள்ளங்களில் போனவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வி, எத்தனை பேர் என்பது. சுலபமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் ஒரே படகில் தமிழ்நாட்டாரும் கேரளத்தாரும் இருப்பார்கள், வடமாநிலத் தொழிலாளர்களும் இருப்பார்கள். படகு ஒரு துறைமுகத்தில் கிளம்பியிருக்கும், ஆட்கள் வேறு ஊராக இருப்பார்கள். அரசு சொன்ன எண்ணும் மீனவ ஊர்கள் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை.

பெயர் எழுதியவர்கள்

அந்த ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். எட்டும் தமிழ்நாட்டில் இருந்தாலும், மறைமாவட்டக் கணக்கில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பங்குக் கோயில், பங்குத்தந்தை. கத்தோலிக்கத் திருச்சபையில் 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம், திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பங்கில் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை இருக்கிறது. இப்போது குடும்பப் பதிவேடும் உண்டு. இருபது முப்பது குடும்பங்களைச் சேர்த்து 'அன்பியம்' என்று ஒரு குழு, அதற்கு ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாடும் உண்டு. யார் வீட்டில் யார் கடலுக்குப் போயிருக்கிறார் என்பது அந்தப் பொறுப்பாளருக்குத் தெரியும்.

புயலுக்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள் அரிசியும் போர்வையும் கொடுத்தார்கள். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களும், காரிதாஸ் போன்ற அமைப்புகளும், மதம் பாராமல் மற்ற ஊர்க்காரர்களும் கொடுத்தார்கள். அதெல்லாம் எந்தப் பேரிடரிலும் நடப்பது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அருட்தந்தையர்களும் பங்கு இளைஞர்களும் எழுதிய காணாமல் போனவர் பட்டியல்தான் அது. பெயர், ஊர், படகு என்று எழுதி அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியல் முதலில் மிக நீளமாக இருந்தது. திரும்பாத எல்லாரும் அதில் இருந்தார்கள். பிறகு லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் படகுகள் கரை சேர்ந்த தகவல் வர வர, பெயர்கள் அடிக்கப்பட்டன. "சும்மா எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்றாங்க" என்று அன்று சிலர் குறை சொன்னதுண்டு. கணக்கு எழுதியவனாகச் சொல்கிறேன், வந்தவர் பெயரை அடிப்பதும் கணக்குதான். சந்தேகத்தில் முதலிலேயே ஒரு பெயரை விட்டுவிட்டால், பிறகு அந்த மனிதனைத் தேட ஆள் இருக்காது.

டிசம்பர் 7 அன்று அந்த ஊர் மக்கள் பங்குத்தந்தையர்களோடு பல கிலோமீட்டர் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுதலைத் தீவிரப்படுத்த வேண்டும் என்பது முதல் கோரிக்கை. டிசம்பர் 12இல் தமிழக முதல்வர் வந்தார். 19இல் பிரதமர் வந்தார். இறந்த மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நான் கவனித்தது இன்னொன்று. காணாமல் போனவர்களுக்கு ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டாம் என்று விதி தளர்த்தப்பட்டு, அவர்கள் குடும்பங்களுக்கும் நிவாரணம் கிடைத்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து இறந்தோரும் காணாமல் போனோரும் 300க்கு மேல்.

அன்று என் கவுன்டரில் நின்ற அம்மாவுக்காகப் பட்டியல் எழுதவோ, தண்டவாளத்தில் உட்காரவோ யாரும் இல்லை. போனது ஒரே ஒரு மனிதர். விதியை மட்டும் சொல்ல நான் இருந்தேன்.

இதற்கு முன்னும் பின்னும்

அந்தக் கரைக்கு இது புதிதல்ல. 1544 ஜூனில் வடுகர் படைக்கு அஞ்சிக் கன்னியாகுமரிக் கரை மக்கள் கடலில் உள்ள பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு அவர்களுக்கு உதவக் கிளம்பினார். எதிர்க்காற்றில் தோணிகள் போக முடியவில்லை. பிறகு தரைவழியாகவே போய் அவர்களைப் பார்த்தார். இதை அவரே தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ராமநாதபுரம் கரையே சாட்சி. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பயணிகள் ரயிலைப் புயல் அலை மூழ்கடித்தது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர் என்பது கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200ஐ நெருங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அறுபது ஆண்டு ஆகியும் அந்த வித்தியாசம் தீரவில்லை. அந்த வித்தியாசத்தில் இருப்பவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும், வீட்டில் காத்திருந்த ஆட்கள் இருந்திருப்பார்கள்.

ஒக்கி முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. திருவனந்தபுரம், கொல்லம் கரையோரப் பங்குகளில் கோயில் வழியாகச் செய்தி போனது. மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற ஊர்களுக்குப் போனார்கள். மாநிலம் முழுவதும் எல்லா மதத்து மீனவர்களுமாக 669 படகுகளில் 4,537 பேர் போய்க் குறைந்தது 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் என்பது அரசுக் கணக்கு. படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு சொன்னது. பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. முந்தின டிசம்பரில் சொந்தக்காரர்களைத் தேடி அழுதவர்கள் பலர் அந்தப் படகுகளில் இருந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம்

நமக்குக் கடல் இல்லை. ஆனால் நம் பக்கத்துப் பேரிடர் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் எந்தத் திசையில் புகை என்று மொட்டை மாடிக்கு ஓடுகிறோம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் 38 பேர் இறந்தார்கள். முதல் வெடிக்குப் பிறகு உதவ ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் இருந்தார்கள். ஆலை வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் எப்படி இருக்கும்? அவர்கள் எங்கே கிளம்பினார்கள் என்று அக்கம்பக்கத்துக்குத்தான் தெரியும்.

நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பிள்ளைகளின் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது? இரவு வாட்ச்மேனின் வீடு எந்த ஊர்? வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களின் முழுப் பெயர் நமக்குத் தெரியுமா? மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்தவர் பட்டாசு ஆலையில் வேலை என்கிறார்கள், எந்த ஆலை? இந்தக் கேள்விகளில் பாதிக்கு என்னிடமும் பதில் இல்லை. அதனால் யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை.

செயற்குழுவுக்கு என் யோசனை இது: ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். வாடகைக்கு இருப்பவர், வேலைக்கு வருபவர் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இந்த இதழ் வரும்போதே சரிபார்ப்போம். பதிவேடு செயலாளரின் பூட்டிய அலமாரியில் இருக்கும், வாட்ஸ்ஆப்பில் போடப்படாது. வேறு யாரும் முன்வராவிட்டால் எங்கள் மாடியை நானே எழுதுகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

படிவத்தை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். படிவம் தொலைந்திருந்தால் வாட்ச்மேனிடம் இருக்கிறது. வாங்கும்போது அவர் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.