கேஜ் மாறுமிடத்தில் சுமப்பவர்கள்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவதா, அல்லது அங்கிருந்து இங்கே திரும்புவதா என்கிற விவாதம் நம் நண்பர்கள் மத்தியிலும் நுழைந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாய் ஒரே இயங்குதளத்தில் இருந்தவர்கள் கேமரா, பாதுகாப்பு, விலை என்று பட்டியல் போடுகிறார்கள். நானும் போட்டுப் பார்த்தவன்தான். என் ஆட்சேபம் பட்டியல் மீதல்ல, 'தேர்வு' என்ற சொல் மீது. நுகர்வோன் என்கிற தன்னிலை இரண்டு கடைகளுக்கு நடுவே சுதந்திரமாய் நின்று ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது என்பது சந்தை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடல். மாற்றங்களின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

ராயபுரத்துக்காரர்களுக்கு இதை ரயிலை வைத்துச் சொல்லலாம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது அகலப் பாதையில். பின்னாளில் தெற்கே போன தடமோ மீட்டர் கேஜ். இரண்டும் கடற்கரை நிலையத்தில் வந்து முட்டின. தாம்பரம் மின்ரயில் 1931 தொடங்கி 2004 வரை மீட்டர் கேஜிலேயே ஓடிற்று. ஒரு தடத்து வண்டி இன்னொரு தடத்தில் ஏறாது. நாடு முழுக்கக் கேஜ் மாறும் சந்திப்புகளில் சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்றியது கூலிக்காரர்களின் முதுகு. பாதையின் அகலத்தைத் தீர்மானித்தவர்கள் ஒரு பக்கம், அந்த வித்தியாசத்தைச் சுமந்தவர்கள் இன்னொரு பக்கம். கேஜ் பற்றிய வரலாறுகளில் முதல் பக்கத்துக்குப் பெயர் உண்டு. இரண்டாவது பக்கத்துக்கு இல்லை.

கைபேசிக்கும் இதே கணக்குத்தான். நம் தெருக்களில் எல்லார் கையிலும் நோக்கியா இருந்த காலம் ஒன்றுண்டு. 2011 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் ஸ்மார்ட்போன்களுக்குச் சிம்பியனை விட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்குப் போவதாய் அறிவித்தது. வைத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவே மைக்ரோசாஃப்ட் வசம் போயிற்று. 2006இல் தொடங்கி, உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை செய்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை வருமானவரி வழக்கில் சிக்கியிருந்ததால் அந்த விற்பனையில் சேரவில்லை. புது முதலாளி ஆர்டரை நிறுத்தினார். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. விண்டோஸ் போனும் பிழைக்கவில்லை. 2020 பிறந்தபோது அதற்கான ஆதரவும் முடிந்துவிட்டது. பிற்பாடு அதே ஆலையைச் சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் 2019 முதல் ஐபோன் செய்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளர்கள் நோயுற்றதைக் கண்டித்துப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்ததும் அங்கேதான். இயங்குதளம் மாறும்போது யார் மாறுகிறார்கள், யார் மாற்றப்படுகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

எழுதுகிறவர்கள் இந்த அனுபவத்தை வேறொரு வகையில் ஏற்கெனவே அடைந்தவர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துருவில் அச்சுக்கோத்த சிறுபத்திரிகைப் பக்கங்கள் எத்தனை, இன்று திறந்தால் பூச்சி பூச்சியாய்த் தெரிகின்றன? தப்பித்தவை தப்பித்தது, ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதிய உருமாற்றிகளால். அங்கேயும் ஒரு கேஜ் மாறிற்று. அங்கேயும் யாரோ சுமந்தார்கள்.

இப்போது எர்ணாவூருக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மீனவத் தம்பி, பல வருஷமாய் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவன், தவணையில் ஐபோன் எடுக்கலாமா என்று திருவொற்றியூர் டீக்கடையில் வைத்துக் கேட்டான். நான் கேமராவைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் குறுக்கே வந்தான்: "அத்த வுடுண்ணே. ஆத்துல எண்ணெ வந்தப்போ நாங்க எடுத்த வீடியோ, குரூப்புல பேசுனது, அதெல்லாம் கூட வருமா வராதா? அத்த மொதல்ல சொல்லு."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, முதல் பதிவுகளில் பல இந்த மாதிரிக் கைபேசிகளில்தான் இருந்தன. எந்த ஆவணக் காப்பகமும் அவற்றைக் கேட்டு வரவில்லை. வாட்ஸ்அப் குழுதான் இங்கே காப்பகம். அந்தக் காப்பகத்தின் பூட்டு எப்படியென்றால், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் நகல் கூகுள் கணக்கில் சேரும், ஐபோனில் ஐகிளவுடில் சேரும், ஒன்றை மற்றது திறக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடலை எடுத்துப்போக வாட்ஸ்அப்பே வழி திறந்தது 2022இல்தான். அதுவும் புதுப் போனை முதன்முதலாக அமைக்கும்போது செய்தாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய செயலிகளைப் பெரும்பாலும் மறுபடி வாங்க வேண்டும். ஆக, மாறுவதின் விலை கடையில் ஒட்டியிருக்கும் விலை அல்ல.

வெளியேறும் வழி என்பது கம்பெனி மனமிரங்கித் தருகிற சலுகையாக இருக்கக் கூடாது. சிம் கம்பெனியை மாற்றினாலும் நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது, விதி போட்டதால் வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அந்தச் சொல்லாடலின் மையம் சந்தைப் போட்டி. எர்ணாவூர்த் தம்பியின் நினைவு அதற்கு வெளியே நிற்கிறது. நம்பரை எடுத்துப்போகலாம், நம்பருக்குள் சேர்ந்த வாழ்க்கையை எடுத்துப்போக அதே மாதிரி ஒரு விதி வேண்டும் என்று கேட்பது நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏன் இன்னும் இல்லை?

தம்பி போன் மாற்றுவதைத் தள்ளிவைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், எடுத்தவர் யார் என்று பெயர் வைத்தோம். இரண்டு பிரதி, இரண்டு வீடுகளில். பாதி வேலைகூட முடியவில்லை. அடுத்த வாரமும் போக வேண்டும்.