மலைநாட்டின் கடல்வாயில்

துறைமுக நகரொன்றின் செல்வம் அதன் கரையிலே தோன்றுவதன்று. அதன் பின்னே கிடக்கும் நாட்டிலிருந்து வந்து சேர்வது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடப் புகுந்தபோது, வடமலையிலும் குடமலையிலும் பிறந்த பொருள்கள் அந்நகரத் தெருக்களிலே மண்டிக் கிடந்தமையை எடுத்துக் கூறினார். கடற்கரைப் பட்டினத்தின் பெருமையைச் சொல்வதற்கு அப்புலவர் மலைகளையும் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வுண்மை கொழும்பு மாநகருக்கும் பொருந்தும்.

ஊவா மாகாணத்து மக்கள் கொழும்புக்குச் சென்றாற் காண விரும்பும் இடங்கள் பல. காலிமுகத்திடல், துறைமுகம், கோட்டையிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம், செட்டியார் தெருக் கோயில்கள், கொச்சிக்கடைச் சிவன் கோயில், நூதனசாலை ஆகியன நெடுங்காலமாக அவர்தம் உள்ளங் கவர்ந்தவை. அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 350 மீற்றர் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரமும் இவ்வரிசையிற் சேர்ந்துள்ளது. கல்விச் சுற்றுலா சென்று மீளும் மாணவர் கடலையும் கப்பலையும் வியந்து பேசுவர். ஆனால் அவ்விடங்களுக்கும் தம் ஊருக்கும் உள்ள தொடர்பை அறிந்து பேசுவோர் மிகச் சிலரே. எல்ல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை என்னும் ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாற்றிற் பெரும்பகுதி கொழும்பிலேதான் முடிவு செய்யப்பட்டது. அவ்வரலாற்றை அவ்விடங்களிலேயே நின்று படிக்கலாம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோக்கத்தக்கது கோட்டைப் புகையிரத நிலையம். ஊவாவிலிருந்து வருவோர் கொழும்பு மண்ணில் முதன்முதற் காலடி வைக்கும் இடம் இதுவே. புகையிரதம் தோன்றுமுன் மலைநாட்டுக் கோப்பி மாட்டு வண்டிகளிலேயே துறைமுகத்தை அடைந்தது. மழைக்காலத்திற் பாதை சேறாகும். வண்டிகள் வழியிலே நாட்கணக்கில் நின்றுவிடும். ஆகவே, தோட்டத்துரைமார் புகையிரதம் வேண்டுமென அரசினரை இடையறாது வற்புறுத்தினர். 1858 ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வோட் பாதைக்கு முதல் மண் வெட்டினார். 1864 டிசெம்பர் 27 ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவரை முதல் வண்டி ஓடியது. பாதை 1867 இற் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1894 இற் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைந்தது 1924 ஆம் ஆண்டிலாகும். ஏறத்தாழ 292 கிலோமீற்றர் நீளமுள்ள இப்பாதை நிறைவுற அறுபது ஆண்டுகள் சென்றன.

பட்டிப்பொலைக்கு அருகில் 6,200 அடிக்கு மேல் ஏறி, பின் ஊவாவை நோக்கி இறங்கும் இப்பாதையின் அருமையை எல்ல மக்கள் நன்கறிவர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் முடிவுற்றது. தெமோதரையிலோ பாதை குன்றைச் சுற்றி வந்து, தான் விட்டகன்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகச் செல்கின்றது. இன்று உலகெங்குமிருந்து வருவோர் இவற்றைக் காண எல்லவை நாடுகின்றனர். ஆயினும், இப்பாதை காட்சிக்காக அமைந்ததன்று. மலையில் விளைந்ததைக் கடலுக்குக் கொண்டுசெல்ல அமைந்தது. 1917 இல் திறக்கப்பட்ட கோட்டை நிலையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகக் கொள்வதே பொருத்தமாகும்.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்திலே துறைமுகம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தையே பெரிதும் நாடின. கொழும்பிலோ தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கப்பல்கள் அலைகளுக்கு ஈடுகொடுக்க முடியாது தவித்தன. கோப்பி வாணிகம் பெருகியதும் பாதுகாப்பான துறைமுகம் இன்றியமையாததாயிற்று. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பொறியியலறிஞர் சேர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி தென்மேற்கு அலைதாங்கி தொடங்கப்பட்டது. 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரானவர், அதற்கு அடிக்கல் நாட்டினார். 1885 அளவில் வேலை நிறைவெய்தியது. காலியின் கப்பல்கள் கொழும்புக்கு மாறின.

இங்கே வரலாற்றின் விந்தையொன்று காணப்படுகின்றது. அலைதாங்கி கோப்பிக்காகத் தொடங்கப்பட்டது. அது முடியுமுன்னே கோப்பி அழியத் தலைப்பட்டது. அவ்வழிவுக்குக் காரணமான இலை நோய் இலங்கையில் முதன்முதலிற் காணப்பட்ட இடம் பதுளையை அடுத்த மடுல்சீமையே, ஆண்டு 1869. பதினைந்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் பாழாயின. துரைமார் பலர் தோட்டங்களை விட்டு நீங்கினர். தொழிலாளரோ கூலிப் பாக்கியும் பெறாது வருந்தினர். அந்நிலையில் நாட்டைக் காத்தது தேயிலையாகும். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய பயிர் விரைவிற் பரவியது. 1883 யூலை 30 ஆம் நாள் கொழும்புக் கோட்டையில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கினார். கொழும்பில் ஒரு நாற்சந்தியை மக்கள் இன்றும் லிப்டன் சுற்றுவட்டம் என்றே அழைப்பர். அப்பெயரின் ஊற்று அப்புத்தளை மலையில் உள்ளது.

தேயிலைப் பெட்டிகள் வெளியேறிய துறைமுகம், மனிதர் உட்புகுந்த துறைமுகமுமாகும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய தொழிலாளர் பலர் கொழும்பிலேதான் கரையிறங்கினர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான வழி திறக்கப்பட்ட பின்னரே பெரும்பாலோர் மண்டபம் முகாமினூடாக வரலாயினர். எனவே, ஊவாவின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்புத் துறைமுகம் வெறுங் காட்சியிடமன்று. முன்னோர் இந்நாட்டை முதன்முதற் கண்ட வாயிலாகும்.

துறைமுகத்தைக் கண்டு கோட்டைத் தெருவழியே வருவோர் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணாது செல்லார். 1857 இற் கட்டப்பட்ட இக்கோபுரத்தின் அமைப்பை வரைந்தவர் தேசாதிபதி வோட்டின் மனைவியாராவர். 1867 முதல் இது வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. சூழ வளர்ந்த கட்டடங்கள் ஒளியை மறைத்தமையால் 1952 இல் அப்பணி ஓய்ந்தது. வெளிச்சவீட்டை மறைக்குமளவு கட்டடங்கள் எழுந்தன என்பதே கோட்டையின் வாணிக வளர்ச்சிக்குத் தக்க சான்றாகும்.

இனி, புறக்கோட்டையை நோக்குவோம். செட்டியார் தெருவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அமைந்துள்ளன. கோப்பிக் காலத்திலிருந்தே நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இத்தெருவிலிருந்து கடன் கொடுத்தும் அரிசி வாணிகம் செய்தும் வந்தனர். அவர்களின் குலதெய்வ வழிபாட்டோடு தொடர்புற்று எழுந்த ஆடிவேல் விழாவுக்கும் ஊவாவுக்கும் உறவுண்டு. வாந்திபேதி பரவுமென அஞ்சி அரசினர் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்த காலத்தில், 1874 அளவில், கொழும்பிலேயே வேல் விழா எடுக்கும் வழக்கம் தொடங்கிற்று என்பர். கதிர்காமம் ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. ஊவாவுக்குச் செல்ல இயலாத அடியார்கள் அதன் திருவிழாவைத் தம் தெருவுக்கு வரவழைத்துக்கொண்டனர். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை வேல் பவனி சென்றபோது, சிங்கள மக்களும் வீதியோரம் நின்று வணங்கினர்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் 1857 அளவிற் பொன்னம்பல முதலியாரால் நிறுவப்பட்டது. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கருங்கல்லாலேயே புதுக்கினார். வெயில் கொதிக்கும் நண்பகலிலும் அதன் மண்டபங்கள் குளிர்ந்து இருண்டிருப்பது, பாண்டி நாட்டுக் கோயில்களை நினைவூட்டும். மலைநாட்டிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்கமர்ந்த இளைஞர்க்கு இக்கோயில்களே உறவினரைச் சந்திக்கும் இடமாகவும், ஊர்ச் செய்தி அறியும் இடமாகவும் விளங்கி வந்தன. 1983 யூலையிற் புறக்கோட்டைத் தமிழ்க் கடைகள் எரியுண்டன. அதே கிழமையிற் பதுளை நகரத்துத் தமிழ்க் கடைகளும் எரியுண்டன. செல்வத்தில் இணைந்திருந்த இரு நகரங்கள் துயரத்திலும் இணைந்தன.

கறுவாத்தோட்டத்திலுள்ள நூதனசாலை 1877 சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. இதுவும் கிரகரியின் முயற்சியே. அவர் ஆண்ட 1872 முதல் 1877 வரையான காலம் கோப்பி விலை உச்சத்தில் நின்ற காலம். அரசிறை நிரம்பியிருந்தமையாலேயே இத்தகைய பணிகள் கைகூடின. இங்கே கண்டி மன்னரின் அரியாசனம் உள்ளது. 1815 இற் கண்டி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கொண்டுசென்ற இவ்வாசனம் 1934 இல் மீண்டது. அதிற் கடைசியாக வீற்றிருந்தவர் நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். கண்டி வீழ்ந்த மூன்றாண்டுகளுக்குள் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து பேரழிவுற்றமையை இவ்வாசனத்தின் முன் நிற்கும் ஊவா மாணவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அங்கே மற்றொரு செல்வம் மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய இக்கல், 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. சீனமும் தமிழும் பாரசீகமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இத்தீவின் கடற்கரையிற் பிறநாட்டார் தமிழிலே பேசவேண்டியிருந்தது என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டியதில்லை.

இறுதியாகக் காலிமுகத்திடல். 1859 இல் இதன் கடலோர நடைபாதையை நிறைவேற்றிய சேர் ஹென்றி வோட், கொழும்பு மாதரும் சிறாரும் காற்று வாங்கும் பொருட்டு இதனைப் பேணுமாறு தம் பின்வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்தார். பாதைக்கு முதல் மண் வெட்டிய கையே இத்திடலையும் ஒழுங்கு செய்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பட்டம் விடும் பிள்ளைகளும், இறால் வடை விற்போரும், அந்திச் சூரியனும் இத்திடலுக்கு அழகு செய்கின்றனர். ஆயினும் இதன் வடபுறத்தே 1930 இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம் நிற்கின்றது. ஊவாத் தோட்டத் தொழிலாளரின் விதி அங்கேதான் எழுதப்பட்டது.

அதன் வளவிலே சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் சிலை உள்ளது. தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலடைக்க இடமளித்த சட்டவிதிகளை எதிர்த்து அவர் போராடினார்; அவ்விதிகள் 1921 இல் நீக்கப்பட்டன. கொழும்பிலிருந்து ‘தேசபக்தன்’ இதழை நடத்திய கோ. நடேசையரும் தொழிலாளர்க்காகக் குரலெழுப்பினார். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 இற் காங்கிரசார் கொழும்பிலே பல மாதங்கள் சத்தியாக்கிரகம் செய்தும் பயன் விளையவில்லை. 1964 ஒக்தோபர் 30 ஆம் நாள் ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். தேயிலையைக் கடலுக்குக் கொண்டுசென்ற இருப்புப்பாதையே, அத்தேயிலையை வளர்த்தவரையும் கடலுக்குக் கொண்டுசென்றது. எஞ்சியோர்க்கான பிரசாவுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நிறைவு பெற்றது.

2018 ஒக்தோபர் 24 ஆம் நாள் அத்திடல் வேறொரு காட்சியைக் கண்டது. தோட்டத் தொழிலாளர்க்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டுமெனக் கேட்டு, மலைநாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கிற் கறுப்புடை அணிந்து அங்கே கூடினர். அவருட் பலர் தலைநகரின் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிபவர். லயத்திலே பிறந்து, தாயார் பறித்த கொழுந்தாற் கல்வி பெற்றவர். மாதரும் சிறாரும் காற்று வாங்குதற்கென வகுத்த இடத்திலே, மலையிலுள்ள தம் தாயருக்காக அவர் வந்து நின்றனர். 2021 இல் அத்தொகை வர்த்தமானி வாயிலாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்குள் பொருள்களின் விலையும் உயர்ந்துவிட்டது.

கல்விச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இவ்வரலாற்றைக் கையோடு கொண்டுசெல்லுதல் நன்று. அலைதாங்கியைக் காட்டும்போது மடுல்சீமையையும், ஆடிவேலைச் சொல்லும்போது கதிர்காமத்தையும், பழைய பாராளுமன்றத்தின் முன் நிற்கும்போது தத்தம் குடும்பத்தாரின் பிரசாவுரிமைப் பத்திரத்தையும் மாணவர்க்கு நினைவூட்டலாம். அவ்வாறு கண்ட பிள்ளை, கொழும்பிலே தன்னைப் பிறர் வீட்டு விருந்தினனாக எண்ணிக் கூசி நிற்கமாட்டான். இம்மாநகரின் அத்திவாரத்தில் தன் பாட்டனின் உழைப்பும் கிடக்கின்றது என்னும் அறிவோடு ஊருக்கு வண்டியேறுவான்.