முல்லர்-லயர் மாயத்தோற்றம்

சம நீளமுள்ள இரு கோடுகள், முனைகளில் சேர்த்த சிறகுகளால் வெவ்வேறு நீளமாகத் தெரியும் காட்சிப்பிழை. சிறகுகள் வெளிப்புறம் விரிந்தால் கோடு நீண்டும், அம்புமுனைபோல் உட்புறம் சாய்ந்தால் குறுகியும் தோன்றும். ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் கார்ல் முல்லர்-லயர் 1889இல் இதை வெளியிட்டார். அளவுகோலால் அளந்து பார்த்த பின்னும் கண் ஒப்புக்கொள்வதில்லை. அறிவதும் காண்பதும் வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று அரிது.

பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரியின் விளக்கம் புகழ்பெற்றது: மூளை சிறகுகளை அறை மூலையாகவும் கட்டட விளிம்பாகவும் கொள்கிறது, தொலைவில் இருப்பதாகக் கருதும் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அப்படியானால் நேர்க்கோட்டுக் கட்டடங்களுக்கிடையே வளராதவர்கள் ஏமாறுவது குறைய வேண்டும். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளிலும் பின்னர் நீலகிரித் தோதவர்களிடமும் சோதித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், இரு சமூகத்தினரும் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாறியதைக் கண்டார். செகால், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் 1966இல் வெளியிட்ட பல சமூக ஒப்பாய்வும் இதற்கு வலுச் சேர்த்தது.

ஆனால் பண்பாட்டு விளக்கம் மட்டும் போதாது. பிறவிக் கண்புரையை அகற்றிப் பார்வை பெற்ற இந்தியச் சிறார்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு முக்கியமானது. பார்வை கிடைத்தவுடனேயே அவர்களும் இப்பிழைக்கு ஆளாயினர். கட்டடங்களைக் கண்டு பழக அவர்களுக்கு நாளே இருந்ததில்லை. கோடும் சிறகும் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் தொடக்க நிலைகளிலேயே கலந்துவிடுகின்றன என்ற கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு.