ரியோமாவின் மணப்பயணம்

தேனிலவு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவருள் பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. அஃது வெள்ளையர் கற்பித்த வழக்கமென்றும், பணம் படைத்தோர் செய்யும் வீண் ஆடம்பரமென்றும் அவர் கூறுவர். புதிதாய் மணமுடித்த வாலிபனொருவன் தன் மனைவியுடன் பத்து நாள் கேமரன் மலைக்கோ பினாங்குக் கொடிமலைக்கோ சென்று இளைப்பாறி வர விரும்பினால், அவ்விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லவும் நாணுகிறான். மறுவீடு, உறவினர் விருந்து, நேர்த்திக்கடன் எனப் பிறர் வகுத்து வைத்த பயணங்களோ ஏராளம். அவற்றில் மணமக்கள் தமக்குள் நான்கு வார்த்தை மனம்விட்டுப் பேசுதற்கும் இடமிராது.

ஆதலின், வெள்ளையருமல்லாத, செல்வத்தில் மிதந்தவருமல்லாத ஓர் ஆசிய வாலிபர் 1866-ஆம் ஆண்டில் தம் மனைவியுடன் மேற்கொண்ட பயணத்தின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் ஜப்பானியர். 1942 முதல் 1945 வரை இந்நாட்டில் நம்மவர் பட்ட பாட்டையும், சயாம் ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளரையும் மறந்து இதனை எழுதினோமில்லை. அக்கொடுமைக்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட ஒரு மனிதரின் கதை இது.

ஸகமோட்டோ ரியோமா என்பது அவர் பெயர். தோஸா நாட்டிலே, வீரர் குலத்தின் கீழ்ப்படியிலிருந்த குடும்பமொன்றிற் பிறந்தவர். மேல்படி வீரர் முன் கீழ்ப்படி வீரர் தலைகுனிந்து நிற்க வேண்டிய நாடு அது. அவ்வேற்றத்தாழ்வையும், நாட்டை இரண்டரை நூற்றாண்டு ஆண்டு வந்த ஷோகுன் ஆட்சியையும் வெறுத்து, 1862-இல் அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறினார். அக்காலச் சட்டப்படி அது பெருங்குற்றம். பின்னர், தம்முள் பகைத்து நின்ற ஸத்ஸுமா, சோஷூ என்னும் இரு வலிய நாடுகளையும் 1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கியோட்டோ நகரில் ஒன்றுபடச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஷோகுனின் காவலர் அவரைத் தேடியதில் வியப்பில்லை.

அவ்வொப்பந்தம் முடிந்த சின்னாட்களில், புஷிமி என்னுமிடத்திலுள்ள தெரதாயா விடுதியில் ரியோமா தங்கியிருந்தார். ஓரியோ என்னும் பெண் அவ்விடுதியிலே இருந்தார். அவர் கியோட்டோ மருத்துவர் ஒருவரின் மகள்; தந்தை இறந்த பின் வறுமையுற்ற குடும்பத்தைத் தாங்கியவர். நள்ளிரவில் காவலர் விடுதியைச் சூழ்ந்தபோது ஓரியோ குளியலறையில் இருந்தார். ஆபத்தை உணர்ந்ததும் உடையைப் பற்றிய எண்ணமுமின்றி மாடிக்கு ஓடி எச்சரித்தார். நாணம் பெண்ணுக்கு அணிகலனென்று ஓயாது உபதேசிப்போர் இவ்விடத்தைச் சற்று எண்ணிப்பார்ப்பாராக. ரியோமா கைத்துப்பாக்கியாற் சுட்டு, இரு கைகளிலும் வெட்டுண்டு, தோழரொருவருடன் தப்பினார். ஓரியோ இருந்ததாலன்றோ தாம் உயிர் பிழைத்ததென்று பின்னர்த் தம் தமக்கைக்கு எழுதினார்.

இருவரும் மணந்தது 1864-இலா, இந்நிகழ்ச்சிக்குப் பின்னரா என்பதில் இரு கருத்துண்டு. எஃதாயினும், காயம் ஆறும் வரை ஸத்ஸுமாவுக்கு வந்து வெந்நீர் ஊற்றுகளில் தங்குமாறு அந்நாட்டுத் தலைவர்களான ஸைகோவும் கொமாட்ஸுவும் அழைத்தபோது, ரியோமா தனியே செல்லவில்லை. பெண்டிரை வீட்டில் விட்டு ஆடவர் மட்டும் ஊர்சுற்றுவது வீரர் குலத்தில் இயல்பாயிருந்த காலத்தில், அவர் மனைவியையும் உடனழைத்துச் சென்றார். ஏப்ரல் மாதத்தில் ஒஸாக்காவிலிருந்து ஸத்ஸுமாவின் நீராவிக் கப்பலில் ஏறி, ஐந்தாறு நாட்களில் ககோஷிமாவை அடைந்தனர்.

பயணத் திட்டமோ மிக எளியது. ஹினாதயாமா என்னும் ஊற்றில் ஓரிரவு. பின் மலையடிவாரத்து ஷியோஹிதாஷியில் பத்து நாட்களுக்கு மேல். அதன்பின் கிரிஷிமா மலை. விடியுமுன் எழுந்து பத்து இடங்களைப் பார்த்து முடிக்கும் ஓட்டம் அதில் இல்லை. ஓடையில் மீன் பிடித்தனர்; துப்பாக்கியாற் பறவை சுட்டனர்; அருவியொன்றைக் கண்டு களித்தனர். வெந்நீரில் மூழ்கி எழ எழக் காயமும் ஆறிற்று.

கிரிஷிமாவில் தகசிஹோ என்னும் சிகரமுண்டு. உயரம் 1,574 மீட்டர். கதிரவத் தெய்வத்தின் பேரன் வானினின்று அங்கே இறங்கினான் என்பது புராணம். அதன் உச்சியில் தெய்வ ஈட்டியொன்று நடப்பட்டிருந்தது. ஜப்பானின் புனித மலைகள் பலவற்றிற் பெண்கள் கால்வைக்கலாகாதென்ற தடை அந்நாளில் இருந்தது. அரசு அதனை நீக்கியது 1872-இல் தான். மலையேற வேண்டுமென்று முதலிற் சொன்னவர் ஓரியோவே. ரியோமா மறுசொல் இன்றி இசைந்தார். மே மாதமாகையால் மலையெங்கும் செம்பூக்கள் மலர்ந்திருந்தன. இருபுறமும் பள்ளமாகக் குறுகிச் செல்லும் பாறை முகட்டில் மனைவியின் கையைப் பற்றி நடத்திச் சென்றதாக ரியோமாவே எழுதியுள்ளார். உச்சியை அடைந்ததும், நீண்ட மூக்குடைய பூதமுகங்கள் பொறித்த அவ்வீட்டியைக் கண்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தனர். பின் அதனைப் பிடுங்கியும் பார்த்தனர்! எளிதில் வந்துவிட்டது. இடியும் விழவில்லை, கண்ணும் அவியவில்லை. மீண்டும் இருந்தவாறே நட்டுவிட்டு இறங்கினர்.

இவையாவற்றையும் மலையின் படத்தோடும், ஏறிய வழியின் குறிப்போடும் தமக்கை ஒதொமேக்குக் கடிதமாக வரைந்தனுப்பினார். அக்கடிதம் இராவிடின் இப்பயணம் நமக்கு இத்துணை விரிவாகத் தெரிந்திராது. ஜப்பானின் முதல் தேனிலவு இதுவே என்று அந்நாட்டார் பலர் பெருமை பேசுவர். கொமாட்ஸுவும் தாம் மணந்த 1856-இலேயே மனைவியுடன் அம்மலையிலுள்ள ஊற்றொன்றில் தங்கியதாகக் கூறுவோருமுண்டு. எவர் முதல்வர் என்னும் வழக்கு நமக்கு வேண்டுவதில்லை. இருவருமே மேலைநாட்டாரைப் பார்த்து இதனைச் செய்தாரல்லர் என்பதே நமக்கு வேண்டுவது.

அவ்வாண்டுக் கோடையிலேயே ரியோமா மனைவியை நாகஸாக்கியில் விட்டுச் சென்று ஷிமொனோஸெக்கிக் கடற்போரிற் கலந்துகொண்டார். 1867 டிசம்பரில் கியோட்டோவில் கொலையுண்டார். அப்பொழுது அவருக்கு முப்பத்தொரு வயது. ஓரியோ பின்னர் மறுமணம் செய்து, யொகோஸுகாவில் வறுமையில் வாழ்ந்து 1906-இல் இறந்தார். 1899-இல் செய்தித்தாளொன்றில் வெளிவந்த அவரது நினைவுரையில் அம்மலைப் பயணமும் இடம்பெற்றது. புறப்படுமுன் கொமாட்ஸு ஒரு பெட்டியைக் கையிற் கொடுத்தாராம். மலைமேல் அதைத் திறந்து பார்க்க, உள்ளே கஸ்தெல்லா என்னும் இனிப்பு ரொட்டி இருந்ததாம்.