கை அறிந்த கணக்கும் கரும்பலகைக் கணக்கும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

குழந்தைகள் எண்ணை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் கல்விப் பேச்சில் இரண்டு விடைகள் உலவுகின்றன. எண்ணறிவு பிறவியிலேயே உண்டு, அதைத் தூண்டிவிட்டால் போதும் என்கிறது ஒன்று. வாய்பாட்டை ஒப்பித்தால் புரிதல் பின்னாலேயே வரும் என்கிறது மற்றொன்று. இரண்டும் பாதிதான் சரி. கை அறிந்த அளவுக்கும் ஏட்டில் எழுதிய இலக்கத்துக்கும் இடையிலான வழி தானாக அமைவதில்லை, அதை யாராவது போட்டுத்தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தேனி மாவட்டம் ஏற்ற இடம். 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இந்தப் பள்ளத்தாக்கில் அளவுகளுக்குக் குறைவில்லை. கம்பம் பன்னீர் திராட்சையைக் கிலோவில் நிறுக்கிறார்கள். சின்னமனூர் வாழை தார் கணக்கில் போகிறது. வெற்றிலையைக் கவுளியாக அடுக்குகிறார்கள். சீலையம்பட்டிச் சந்தையில் கிலோவாக எடை போட்டு வாங்கிய மல்லிகை, தொடுத்தபின் முழமாக விலை போகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. இங்கே பிறந்த பிள்ளை பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே அளவைகளின் நடுவில் வளர்கிறது.

பிள்ளை பிறக்கும்போதே கொண்டுவருவது என்ன? ஃபே ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளுக்கும் 16 புள்ளிகளுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தார்கள். 8-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆக, இந்த உணர்வு விகிதத்தைப் பொறுத்தது, தோராயமானது. பெரியவர்களிடமும் இது நீடிக்கிறது. மூளையின் உச்சிமடலில் உள்ள ஒரு மடிப்புப் பள்ளம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இதோடு, மூன்று நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே சரியாகப் பார்த்தறியும் ஆற்றலும் நமக்கு உண்டு. பூத்தொடுப்பவர் இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து நாரைச் சுற்றும்போது எண்ணுவதில்லை, பார்க்கிறார். நான்கு பூவுக்கு அது போதும். நாற்பதுக்குப் போதாது. அங்கே சொல் வேண்டும்.

சொல் வந்தாலும் பொருள் உடனே வருவதில்லை. கேரன் வின் 1990-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. பத்து வரை தடையில்லாமல் சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையிடம் ஐந்து பொம்மைகளைக் கேட்டால் ஒரு கை நிறைய அள்ளித் தருகிறது. முதலில் ஒன்று என்பதன் பொருள் பிடிபடுகிறது. சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அதன் பின்னர்தான், எண்ணி முடிக்கும் கடைசிச் சொல்லே கூட்டத்தின் அளவு என்ற விதி விளங்குகிறது. எல்.கே.ஜி. பிள்ளை நூறு வரை ஒப்பிப்பதைக் கண்டு மகிழும் பெற்றோரும் ஆசிரியரும் இந்த இடைவெளியைக் கவனிப்பதே இல்லை.

அந்த விதி விளங்கும் வேகம் பிள்ளைக்குப் பிள்ளை மாறுவதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. சூசன் லெவினும் குழுவினரும் 2010-இல் காட்டியபடி, 14 முதல் 30 மாதம் வரை பெற்றோரிடமிருந்து எண் பேச்சை அதிகம் கேட்ட பிள்ளைகள் 46-ஆம் மாதத்தில் எண்சொற்களின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். கண்முன் இருக்கும் பொருள்களை எண்ணிக் காட்டும் பேச்சே கூடுதல் பயன் தந்தது என்று அடுத்து வந்த ஆய்வு சொன்னது. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியும் முன்பே ஜீப்பில் ஏறிப்போகும் தாய்மாரின் பிள்ளைகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பகல் முழுக்க அந்தப் பேச்சு அப்பத்தாவிடமிருந்தோ அங்கன்வாடிப் பணியாளரிடமிருந்தோதான் வர வேண்டும். அங்கன்வாடியைச் சத்துமாவு வழங்கும் இடமாக மட்டும் பார்க்கும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. எண்ணின் பொருள் பிடிபடும் வயதில் பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடம் அது.

பிறவி எண்ணுணர்வைப் பயிற்றினால் பள்ளிக் கணக்கு எளிதாகுமா? டில்லியில் 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2017-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நான்கு மாதம் எண், வடிவ விளையாட்டுகள் ஆடிய பிள்ளைகளின் உள்ளுணர்வுத் திறன் உயர்ந்தது, நீடிக்கவும் செய்தது. இலக்கங்களைக் கையாளுவதிலும் உடனடி முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பின்னர் பள்ளிக் கணக்கைக் கற்றதில் அவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. முதல் விடையின் குறை இங்கே வெளிப்படுகிறது.

அடுத்த சான்று இன்னும் கூர்மையானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஸ்பெல்கி உள்ளிட்டோர் 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பற்றியது. ஏறக்குறைய எல்லாருமே சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே சரியாகப் போட்டார்கள். அதே அளவு கடினமான கணக்கை, சில வேளை அதைவிட எளியதையும், பள்ளிக்கூட வடிவில் கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தை அனுபவம் இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளின் நிலை நேர்மாறானது. ஏட்டுக் கணக்கில் அவர்கள் மேல். ஆனால் வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தீர்த்த ஒரு சந்தைக் கணக்கை அவர்களில் 1 விழுக்காட்டினரே தீர்த்தார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்ற சிறுவர்களிடம் 1985-இலேயே இந்தப் பிளவு பதிவாகியிருந்தது. நாற்பது ஆண்டு கழித்து, இத்தனை பெரிய எண்ணிக்கையில், நம் நாட்டிலேயே அது உறுதியாகியிருக்கிறது.

காரணத்தைக் கணக்குப் போடும் முறையிலேயே காணலாம். கிலோ 65 ரூபாய் வீதம் 12 கிலோ திராட்சை என்று வைத்துக்கொள்வோம். விற்கும் பிள்ளை பத்துக் கிலோவுக்கு 650, இரண்டு கிலோவுக்கு 130, ஆக 780 என்று சொல்லிவிடும். ஒவ்வொரு படியிலும் அதன் மனத்தில் இருப்பது உண்மையான தொகை. ஏட்டில் போடும் பிள்ளை வலப்பக்கம் தொடங்கி, ஐயிரண்டு பத்து, சுழியம் போட்டு ஒன்றை மேலே வைக்கிறது. அந்த ஒன்று பத்து ரூபாய் என்பது அதற்குத் தெரியாது. தெரியாமலே விடை வந்துவிடும், அதுதான் அந்த முறையின் வலிமை. தவறான விடை வந்தாலும் அது தவறு என்று உறுத்தாது, அது அதன் பலவீனம். இரு பிள்ளைகளும் செய்வது ஒரே பங்கீட்டு விதியைத்தான். அதை இருவரிடமும் யாரும் சொல்லவில்லை.

மனப்பாடத்தை இழித்துப் பேசுவது என் நோக்கமன்று. வினோத் மேனன் குழு 2014-இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வில், ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவதிலிருந்து நினைவிலிருந்து விடையை எடுக்கும் முறைக்கு மாறும்போது ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதி முனைப்பாக இயங்கியது. வளர்ந்தவர்களிடம் அந்தப் பணியைப் புறணிப் பகுதிகள் ஏற்றுக்கொண்டிருந்தன. வாய்பாடு நினைவில் பதிவதும் வளர்ச்சியின் ஒரு கட்டம்தான். எதோடு சேர்ந்து பதிகிறது என்பதுதான் கேள்வி.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்ற வரிசையில் பிள்ளைகள் காணி, மா, வீசம், முந்திரி வரை பின்னங்களை உரக்கச் சொல்லி, மணலில் எழுதிக் கற்றார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை விரிவாக ஆராய்ந்து 2022-இல் நூலாக்கியிருக்கிறார். அங்கே நினைவுப் பயிற்சி ஊரின் நெல்லளவோடும் பொன்னெடையோடும் நிலஅளவோடும் பிணைந்திருந்தது. திண்ணைக்கு ஏங்கி இதைச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை மூடியே கிடந்தது. அளந்தவர்கள் ஒரு பக்கமும் அளந்ததைக் கணக்கெழுதியவர்கள் மறுபக்கமும் நின்றார்கள். சந்தைக் கணக்குக்கும் ஏட்டுக் கணக்குக்கும் நடுவிலுள்ள பிளவில் அந்தப் பழைய பிரிவின் சாயலும் உண்டு என்றே நினைக்கிறேன்.

தமிழ் எண்பெயர்களின் ஒழுங்கே போதும் என்பாரும் உண்டு. ஆன் டவ்கர், ஷீலா பாலா, டெலித் லாய்டு ஆகியோர் 2008-இல் இங்கிலாந்தில் தமிழும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளை, ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு கணக்குத் தேர்வில் தமிழ்ப் பிள்ளைகள் மேலாகச் செய்தார்கள். ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் வேறுபாடு இல்லை. மொழி சிறிது உதவுகிறது, அவ்வளவே.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியபோது செயல்வழிக் கற்றலுக்கு இடம் தந்தது. அந்தத் திசை சரி. ஆனால் கையில் ஒரு பொருளைக் கொடுப்பதாலேயே வழி திறந்துவிடாது. எந்தப் பொருள் எந்தக் கருத்துக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். வாழைத்தார் இடமதிப்புக்கு உதவாது, ஏனெனில் சீப்புக்குச் சீப்பு காய் எண்ணிக்கை மாறும். தோராயமாக மதித்துவிட்டுப் பிறகு எண்ணிச் சரிபார்க்க அதுவே நல்ல பொருள். பல ஊர்களில் கவுளி என்றால் நூறு வெற்றிலை. மூன்று கவுளியும் நாலு பத்தும் ஐந்து இலையும் 345 என்று பிள்ளை அடுக்கிப் பார்த்து எழுதலாம், எழுதியதைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம். இந்த இருவழிப் பயணத்தை மதிப்பீடு கேட்பதில்லை. மூன்றாம் வகுப்புத் தேர்வில் 12 × 65 என்ற கணக்கோடு, அதையே திராட்சை விலையாக வாய்மொழியாகக் கேட்டு, பிள்ளை சொன்ன 650-ஐயும் 130-ஐயும் அதன் கையாலேயே ஏட்டில் எழுதவைத்து, நெடுக்கில் போட்ட கணக்கில் அவை எங்கே இருக்கின்றன என்று காட்டச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் மலையடிவாரப் பள்ளிகளில் இல்லாதது அந்த நேரம்தான்.